அச்சம் ஏற்றிய விளக்கு

உணர்ச்சியையும் அறிவையும் ஒன்றுக்கொன்று பகையென்றே எண்ணிப் பழகிவிட்டோம். உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதே என்பது வீடுதோறும் கேட்கும் அறிவுரை. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மூளையிலிருந்த கட்டியை அகற்றியபோது நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி சிதைந்துபோன ஒருவரைப் பற்றி நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அம்மனிதரின் அறிவுக்கூர்மையும் நினைவாற்றலும் சோதனைகளில் குறைவின்றி இருந்தன. உணர்ச்சிதான் வற்றிப்போயிருந்தது. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று அவரால் துணிய முடியவில்லை, வேலையை இழந்தார், சேர்த்த பொருளையும் இழந்தார். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை உள்ளம் உணர்த்தாவிட்டால், அறிவு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்குமேயன்றி விடை காணாது.

ஆகவே உணர்ச்சியை ஒழிப்பது வழியன்று. அதன் போக்கை அறிவதே வழி. நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்து, அச்சம், வெகுளி, உவகை முதலிய எண்வகை மெய்ப்பாடுகளை விளக்கினார். வள்ளுவரோ இன்னும் ஒருபடி சென்றார். வெகுளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், பொச்சாவாமை என்று மறதிக்கு எதிராகவும் ஓர் அதிகாரம் வகுத்தார். அளவு கடந்த சினத்தைவிட, மிகுந்த களிப்பில் மூழ்கியதால் வரும் மறதி தீயது என்பதே அதன் முதற்குறளின் கருத்து. துன்ப உணர்ச்சி மட்டுமன்று, இன்ப உணர்ச்சியும் நினைவைத் தடுமாறச் செய்யும் என்று எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கிறார்!

இதற்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆடல் மகளிரிடத்து அரசன் உள்ளம் ஈடுபட்டதைக் கண்டு ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லி அகன்றுவிடுகிறாள். அவளது ஊடலைத் தீர்க்கப் பாண்டியன் விரையும் வேளையில்தான் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு வணங்குகிறான். களவு போன சிலம்பும் அத்தேவியின் சிலம்பே! அரசனின் கவனம் முழுவதும் அந்தப்புரத்து வாயிலில் இருக்க, ஓர் உயிரைப் பற்றிய முடிவு வழியிலேயே முடிந்துவிடுகிறது. அதே அரசன் அரியணையில் அமர்ந்து கண்ணகியின் வழக்கைக் கேட்டபோது, தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று சரியாகச் சொன்னான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பையும் தருவித்து முன்வைத்தான். சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்ற அந்த ஒரு வினா முன்பே எழுந்திருக்கலாம். அவன் அறிவற்றவன் அல்லன். அந்த வேளையில் அவனது அறிவு வேறிடம் சென்றிருந்தது.

இக்காலத்து உளவியலும் இதையே வேறு சொற்களால் சொல்கிறது. அச்சம் தாக்கும்போது, மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி விழித்தெழுகிறது. அந்நேரத்து அனுபவம் நினைவில் ஆழப் பதிகிறது. ஆனால் கவனம் குறுகிவிடுகிறது. கத்தியைக் கண்டவனுக்குக் கத்தி நினைவிருக்கும். அதைப் பிடித்திருந்தவனின் முகம் நினைவிராது. ஆழப் பதிந்ததாகத் தோன்றும் நினைவும் பிழைபடக்கூடும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. அச்செய்தியை எங்கே, யாரிடம், எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 44 பேரிடம் அதே வினாக்களைக் கேட்டபோது, கால்பங்கினரின் விடைகள் முற்றிலும் மாறியிருந்தன. தம் கையெழுத்தையே கண்ட பின்னரும் அவர்களுக்குப் பழைய நினைவு மீளவில்லை. நினைவின் உறுதி, அதன் உண்மைக்குச் சான்றாகாது.

இதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை அடுத்துப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை மூண்டது. உயிர்கள் போயின, உடைமைகள் எரிந்தன, ஊரடங்கு பிறந்தது. நான் அப்போது பள்ளிச் சிறுவன். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் அந்த நாட்களுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்திருந்தோம் என்பார் தாயார். கதவுத் தாழ்ப்பாள் ஆடிய ஓசை இன்றும் காதில் ஒலிக்கிறது என்பார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்று காலமாகும் வரை சாதித்தார் தந்தையார். இருவரும் பொய் சொல்லாதவர்கள். என் அக்காளுக்கோ தாழ்ப்பாளும் நினைவில்லை, விளக்கும் நினைவில்லை. அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பால் செம்பு நினைவிருக்கிறது. அதைப் பற்றித் தாயாரிடம் கேட்டால், சற்று யோசித்து, "ஆமாம், மூணு நாளும் அந்தம்மாதான் பால் குடுத்தாங்க. காசு குடுத்தா வாங்கவே இல்லை" என்பார். கேட்டால்தான் சொல்வார். அச்சம் ஏற்றிய விளக்கின் ஒளி தாழ்ப்பாளின்மீது விழுந்தது. பால் செம்பு இருளில் நின்றுவிட்டது.

இது ஒரு வீட்டின் செய்தியாக மட்டும் இருந்தால் எழுத வேண்டியதில்லை. ஊரின் நினைவும் இவ்வாறே உருவாகிறது. அஞ்சிய உள்ளம் தன் அச்சத்துக்கு ஏற்ற செய்தியைத் தேடும். 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற ஆய்வாளர் தொகுத்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் அடையாத பகுதிகளிலேயே, இதைவிடப் பெரிய அழிவு வருகிறது என்ற பேச்சுகள் உலவின. அச்சம் முன்னே வந்துவிட்டது. அதற்குரிய காரணத்தை மக்கள் பின்னர் படைத்துக்கொண்டனர் என்று லியான் ஃபெஸ்டிங்கர் 1957-இல் இதற்கு விளக்கம் தந்தார். 2016 செப்டம்பர் 12 அன்று இந்நகரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தபோது, இரு மாநிலங்களிலும் நடந்த தாக்குதல்களின் காட்சிகள் கைப்பேசிகளில் பறந்துகொண்டிருந்தன. அவை மெய்யான காட்சிகளே. ஆனால் அடித்தவர்கள் சிலர். அன்று அடிக்காமல் இருந்த இலட்சக்கணக்கானோரை எந்தக் காட்சி காட்டியது?

அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று இரு மாநில முதல்வர்களும் உடனிருக்க அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சினம் சூழ்ந்த காலத்தில் இயலாத முடிவு, அது தணிந்தபின் இயன்றது. ஆயினும் காலம் தானாக எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 2016 அதற்குப் பின்னர்தானே வந்தது!

அச்சம் தானே நினைவில் நிற்கும். அதற்கு நம் உதவி தேவையில்லை. அன்பைத்தான் நாம் முயன்று நினைவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 1991-ஐப் பற்றிக் கேட்கும்போது தாழ்ப்பாளை மறைப்பதில்லை, அதுவும் நடந்ததே. அதனுடன் பால் செம்பையும் சொல்லி வருகிறேன். நாளை அவர்கள் தம் அண்டை வீட்டாரைப் பற்றி ஏதேனும் முடிவெடுக்க நேர்ந்தால், இரண்டும் அவர்கள் முன் இருக்கட்டும்.