விண்வெளிக்கு ஒரு தகரம்

கண்டிக்கு அருகிலுள்ள திகன என்றதும் 2018 மார்ச் கலவரத்தில் எரிந்த கடைகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2020 ஆகஸ்டில் நிலத்துக்கடியில் ஏதோ வெடித்ததுபோல் சத்தம் கேட்டு ஊரே வெளியே ஓடிவர, சிறு நில அதிர்வு என்று பத்திரிகைகள் எழுதியபோது அந்தப் பெயர் மறுபடி அடிபட்டது. அந்தச் சத்தத்தில் பிறந்த ஒரு விஞ்ஞானக் கதை, கைபேசியில் கேட்கும் ஒலி நாடகத் தொடராக ஓடி, இப்போது கடைசி அத்தியாயத்துக்கு வந்திருப்பதாகக் கண்டியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சொன்னார். "கதை கிடக்கட்டும். சத்தம் போடுற ஐயாவைப் போய்ப் பாருங்க" என்றார்.

கண்டி - மஹியங்கனை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் வீடு. பகலெல்லாம் பஸ் இரைச்சல் என்பதால் பதிவு இரவில்தான். சுவரோடு சுவராகப் பழைய மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். கடைசி அத்தியாயம் இன்னும் வெளிவராததால் தொடரின் பெயரை எழுதக்கூடாது என்பது நிபந்தனை. கருவை மட்டும் சொல்லலாமாம். விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். 1985இல் அது திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிருந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் இடிந்த சுவர்கள் இன்றும் தலைகாட்டும். அந்த நகரத்துச் சேற்றுக்குள் ஒரு விண்கலம் புதைந்து கிடக்கிறது, ஊரை உலுக்கியது அதன் எந்திரம். கடைசி அத்தியாயத்தில் அது கிளம்ப வேண்டும்.

கிளப்ப வேண்டியவர் ஐயா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் கொழும்புக்குப் போய், ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தேநீர் வாங்கிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் அனுசரணையில் ஒலிபரப்பானது. ராமதாஸின் வானொலிக் கோமாளிகள் 1976இல் திரைக்கே போனார்கள். ஒருநாள் மழைச் சத்தம் வேண்டியிருந்தது. கையிலிருந்த சுளகில் பையன் அரிசியை உருட்டிக் காட்டினான். அன்றிலிருந்து தேநீர் வாங்க வேறு ஆள்.

1983 ஜூலைக் கலவரத்தில் கூடமும் வேலையும் போய், உடுத்த துணியோடு ஊர் திரும்பியிருக்கிறார். பழைய தெல்தெனியக் கடைத்தெரு முழுகுவதைக் கரையில் நின்று பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு தேயிலை பெக்டரியில் காவல். பெக்டரியை மூடிக் கூரையைப் பிரித்தபோது, கூலிக்குப் பதிலாக ஒரு தகரத்தைக் கேட்டு வாங்கி வந்தார்.

அந்தத் தகரம்தான் இப்போது அறையின் நடுவே கயிற்றில் தொங்குகிறது. ஆள் உயரம், ஓரமெல்லாம் துரு. கீழ் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் இடி. துணி சுற்றிய தடியால் நடுவில் மெல்லத் தட்டினால் அடிவயிற்றில் ஒரு முனகல். "புது அமானோ தகரம் அலறும் தம்பி. இது முப்பது வருசம் கொழுந்து வாடுற காத்தைக் குடிச்சது, பேசும்." ஸ்பூல் நாடாக் காலத்தில் விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் பதிந்ததை ஏழரையில் ஓடவிடுவார்களாம். சத்தம் இரட்டிப்பாக நீளும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். இப்போது தொடரைத் தயாரிக்கும் பிள்ளைகள் மடிக்கணினியில் அதைச் செய்கிறார்கள். அவர்கள் திரையில் வெட்டி ஒட்டிய கோடுகள் எனக்கு விளங்கவில்லை. விளக்கியபோது கொட்டாவிதான் வந்தது.

1938 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஓரா நிக்கல்ஸ் என்ற பெண் அதில் ஒலிகளைச் செய்தார். செவ்வாய்க்காரர்களின் கலம் திறக்கும் சத்தத்துக்காகக் கழிப்பறைக்குள் ஒரு ஜாடியின் மூடியைத் திருகினார்கள் என்பார்கள். "கக்கூஸ்லயா!" என்று சிரித்தவர், தான் ஒரு பேய்க்குக் கிணற்றுக்குள் மைக்கை இறக்கிய கதையைத் தொடங்கிவிட்டார். நீளமான கதை.

அன்றைய தகராறு வேறு. கதை எழுதிய பெண் பேராதனையில் பௌதிகம் படிக்கிறவள். விண்வெளியில் காற்றில்லை, அதனால் கலம் வளிமண்டலத்தைத் தாண்டியதும் சத்தமே இருக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அப்ப கலம் போச்சுன்னு கேக்குறவனுக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"அதுக்காகப் பொய் சொல்லலாமா தாத்தா?"

"அஞ்சு செக்கன் சத்தம் இல்லாட்டி ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டுவான்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். படத்தில் கலம் புள்ளியாகி மறைவதைக் காட்டிவிடலாம், காதுக்கு அந்த வசதி இல்லை. கடைசியில் வழி காட்டியது ஐயாதான். கடிகார அலாரத்துக்குள் இருக்குமே மெல்லிய பித்தளை வட்டு, அதை வயரோடு தகரத்தின் முதுகில் ஒட்டினார். அது காற்றில் வரும் சத்தத்தைக் கிட்டத்தட்டக் கேட்காது, உலோகத்துக்குள் ஓடும் அதிர்வைத்தான் கேட்கும். வெளியே தொங்கும் கதாபாத்திரம் கலத்தின் மேல் கை வைத்திருக்கும்வரை அந்த அதிர்வு, கூடவே தலைக்கவசத்துக்குள் மூச்சு. கை நழுவினால் அதிர்வு அறுந்து மூச்சு மட்டும் மிஞ்சும். கலம் போய்விட்டது. அவளுடைய பௌதிகமும் கெடவில்லை. அவர் தட்ட, அவள் வயரைப் பிடுங்க, காதில் மாட்டியிருந்த கருவி வழியே கேட்ட எனக்குக் கை தானாகச் சுவரைப் பிடித்தது.

இப்படியொரு மூளைக்கு என்ன கிடைத்தது? அந்தக் காலத்தில் கம்பனி கொடுத்த அனுசரணைப் பணம் விளம்பர முகவர் கையைத் தாண்டி வரும்போது இவருக்கு மிஞ்சியது ஒரு நாள் கூலியும் சோற்றுப் பொதியும். நாடகம் எத்தனை தரம் மறு ஒலிபரப்பானாலும் சதம் கிடையாது. சோப்பின் பெயரைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வாசித்தார்கள், இவர் பெயரை ஒருநாளும் வாசிக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் உரிமை பேசுகிறது. தகரம் தட்டுகிறவர் எந்தக் கூட்டத்தில் சேர்வார்? கண்ணுக்குத் தெரியும் உழைப்பையே மதிக்காத தரகர், காதுக்கு மட்டும் தெரியும் உழைப்பை மதிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண்.

இப்போதும் ஒருவர் வந்திருக்கிறார். தொடர் முழுவதையும் ஒரே தொகைக்கு எடுத்துக்கொள்கிறாராம், உரிமை அனைத்தும் அவருக்கு. தொகை பெரிதாகத்தான் தெரிகிறது. அறை வாடகை இரண்டு மாத பாக்கி என்பதால் பிள்ளைகளுக்குச் சபலம். ஒப்பந்தத் தாளைப் பெண் நீட்டியபோது ஐயா தடியைக் கீழே வைக்கவில்லை.

"ஓடுற ஒவ்வொரு தடவைக்கும் காசுன்னு அதுல இருக்கா?"

"இல்ல தாத்தா."

"அப்ப எழுதிக் கேளு. இல்லாட்டி நடிச்ச பிள்ளைகளும் என்னைப் போலத்தான்" என்றவர், மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடத் தொடங்கினார். அதற்குள் அவள் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, உரத்து வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.