விரிவுரையும் குப்பியும்

உயர்தர வகுப்பில் இருக்கும் எம்மிடம் யாராவது எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், மருத்துவ பீடம், பொறியியல் பீடம், கலைப் பீடம் என்று உடனே பதில் சொல்லி விடுகிறோம். அந்தப் பீடங்களுக்குள் எமக்கு எப்படிக் கற்பிப்பார்கள் என்பதை மட்டும் நாம் யோசிப்பதில்லை. பெரும்பாலும் விரிவுரை மூலமே கற்பிப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று ஒரு மணித்தியாலம் பேசுவார். நூறு, இருநூறு பேர் இருந்து கேட்பார்கள், எழுதுவார்கள். இந்த முறையால் உண்மையில் எவ்வளவு கற்க முடியும் என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

விரிவுரை நேற்று இன்று தோன்றியதல்ல. அதனைக் குறிக்கும் ‘லெக்சர்’ என்ற ஆங்கிலச் சொல், வாசித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அச்சு இயந்திரம் வராத காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு நூலைக் கையால்தான் பிரதி செய்ய வேண்டியிருந்தது. அதனை வாங்கும் வசதி எல்லா மாணவருக்கும் இருக்கவில்லை. ஆகவே ஆசிரியர் நூலை வாசித்து விளக்கினார். மாணவர் கேட்டு எழுதிக்கொண்டனர். அந்தக் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. இன்று நூலும் குறிப்பும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனாலும் ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுதும் வழக்கம் பெரிதாக மாறவில்லை.

எனது ராத்தா பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறார். உயர்தரம் வரை தமிழில் படித்தவர். பல்கலைக்கழகத்தில் முதல் நாளிலிருந்தே எல்லா விரிவுரைகளும் ஆங்கிலத்தில். ஒரு விரிவுரையைக்கூட அவர் தவறவிடவில்லை. சொன்னதையெல்லாம் எழுதினார், கொப்பிகள் நிறைந்தன. விடுமுறைக்கு வந்தபோது, “எல்லாம் கொப்பியில கிடக்கு, தலையில ஒண்டும் இல்ல” என்றார். விளங்காததைக் கையுயர்த்திக் கேட்கலாமே என்றேன். “இருநூறு பேருக்கு முன்னால, இங்கிலீசுல, நான் என்னண்டு கேக்கிற?” என்று திருப்பிக் கேட்டார்.

முதலாம் வருடப் பரீட்சையில் ஒரு பாடம் ‘ரிப்பீட்’ ஆனது. உம்மா தொலைபேசியில், “கஷ்டமெண்டா வந்துடு மகள், இங்க இருந்து ஏதாவது படிக்கலாம்” என்று சொல்லி அழுதார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் சென்ற முதல் பெண் அவர்தான். அவர் இடைநடுவில் திரும்பி வந்திருந்தால் என்னை அனுப்புவதற்கும் வீட்டில் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்திருப்பார்கள்.

அவரைக் காப்பாற்றியது குப்பி. எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில், பரீட்சை நெருங்கும் காலத்தில் மாணவர்கள் தமக்குள் கூடியிருந்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுப்பதைத்தான் குப்பி என்கிறார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் படிக்க ஏற்றி வைத்த குப்பி விளக்கை நினைத்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். ஹட்டனிலிருந்து வந்த ஓர் அக்கா விடுதி அறையில் ஐந்தாறு பேரை இருத்தி வைத்துத் தமிழில் விளங்கப்படுத்துவாராம். கொஞ்சம் சொல்லிவிட்டு, “இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க” என்பாராம். வாய் திறந்து சொல்லும்போதுதான் எந்த இடத்தில் தனக்கு விளங்கவில்லை என்பதே ராத்தாவுக்குத் தெரிந்தது. மறுமுறை அந்தப் பாடத்தில் சித்தியடைந்தார், அல்ஹம்துலில்லாஹ். இப்போது புதிதாக வரும் தங்கைமாருக்கு அவரே குப்பி வைக்கிறார். “சொல்லிக் குடுக்கிற நேரம்தான் எனக்கே வடிவா விளங்குது” என்கிறார்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரான எரிக் மசூர் என்பவரும் இதனைத் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறார். அவரது விரிவுரைகளை மாணவர்கள் மிகவும் பாராட்டினார்கள். கடினமான கணக்குகளையும் செய்தார்கள். ஆனால் விசை பற்றிய மிக எளிய கேள்விகளை அவர் கொடுத்துப் பார்த்தபோது பலர் தடுமாறினார்கள். பெரிய லொறியொன்றும் சிறிய காரொன்றும் மோதும்போது எது மற்றதன் மீது கூடிய விசையைச் செலுத்தும் என்பது போன்ற கேள்விகள் அவை. இரண்டு விசைகளும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை ஒப்புவிக்கத் தெரிந்தவர்களே லொறி என்று எழுதினார்கள். அவர் எவ்வளவு விளக்கியும் சிலருக்குப் புரியவில்லை. கடைசியில், பக்கத்தில் இருப்பவருடன் பேசிப் பாருங்கள் என்று விட்டார். சில நிமிடங்களில் மாணவர்களே விடயத்தைத் தெளிவாக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒன்றை அண்மையில் விளங்கிக்கொண்டவருக்கு அது எந்த இடத்தில் கடினமாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கும். பல வருடங்களாகக் கற்பிப்பவருக்கு அது மறந்து போயிருக்கும். அந்த அக்காவின் குப்பி ஏன் பயன்பட்டது என்பதற்கும் இதுவே விடை.

இது ஓரிருவரின் அனுபவம் மட்டுமல்ல. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அமெரிக்க ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 100 பேரில் ஏறத்தாழ 34 பேர் சித்தியடையத் தவறினார்கள். கேள்வி, கலந்துரையாடல், குழு வேலை என்பவற்றில் மாணவரும் பங்குபற்றிய வகுப்புகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 22 ஆகக் குறைந்தது. 2019இல் ஹார்வர்டில் நடந்த இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது. நல்ல விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாம் கூடுதலாகக் கற்றதாக உணர்ந்தார்கள். பரீட்சித்துப் பார்த்தபோது, தாமே முயன்று செய்தவர்கள்தான் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஓட்டமான பேச்சைக் கேட்கும்போது விளங்கிவிட்டது போன்ற ஓர் எண்ணம் வந்துவிடுகிறது.

இந்த எண்ணம் எமக்கும் புதியதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் போகும் டியூஷன் வகுப்பும் விரிவுரை மண்டபம் போன்றதே. முன்னூறு பிள்ளைகள், ஒலிவாங்கி, பின்வரிசைக்குத் தெரிய ஒரு திரை. “விளங்கிச்சா?” என்று சேர் கேட்பார். “ஓம் சேர்” என்று மண்டபமே சொல்லும். மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போனதும் அதன் ஆர்முடுகல் என்ன என்ற கேள்விக்கு, இடைவேளையில் எங்கள் வாங்கில் இருந்த நால்வரிடமும் மூன்று விடைகள் இருந்தன. வேகம் பூச்சியம் என்பதால் ஆர்முடுகலும் பூச்சியம் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். “அப்படியெண்டா பந்து அங்கேயே நிக்க வேணுமே, ஏன் கீழ வருது?” என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தப் பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு நாங்கள் நால்வரும் அதை மறக்கவில்லை.

அதற்காக விரிவுரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எமது நாட்டில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்ததால்தான் என் ராத்தாவைப் போன்றவர்கள் கட்டணமின்றிப் பல்கலைக்கழகம் போக முடிகிறது. ஒரு விரிவுரையாளர் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பல நூல்களில் சிதறிக் கிடப்பதை ஒரு மணித்தியாலத்தில் தொகுத்துத் தரவும், ஒரு பாடத்தின் மேல் ஆசையை உண்டாக்கவும் நல்ல விரிவுரையால் முடியும். ஆனால் சிந்தனைப் பயிற்சியை அது மட்டும் தந்துவிடாது. இருபது நிமிடம் பேசிவிட்டு ஒரு கேள்வி கொடுத்து, பக்கத்தில் இருப்பவருடன் பேச ஐந்து நிமிடம் விட்டால் போதும். அதற்குப் பணமும் தேவையில்லை, புதிய கட்டடமும் தேவையில்லை.

எமது மார்க்க அறிஞர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஹதீஸ் கலையில் ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது ஒரு முறை. மாணவர் வாசிக்க ஆசிரியர் செவிமடுப்பது இன்னொரு முறை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் மாணவர்கள் முவத்தா நூலை வாசித்துக் காட்டினார்கள். நாமும் குர்ஆன் மத்ரஸாவில் அப்படித்தானே ஒவ்வொருவராக ஓதிக் காட்டினோம்? நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை, இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று தோழர்களிடம் கேட்டார்கள். பேரீச்சை என்பது இப்னு உமர் (ரழி) அவர்களின் மனதில் தோன்றியது. பெரியவர்கள் இருந்த சபை என்பதால் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார். பின்னர் அதை அறிந்த அவரது தந்தை உமர் (ரழி), நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ விருப்பமாக இருந்திருக்கும் என்றார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள்.

தோழிகளே, விரிவுரை முறையை மாற்றுவது பல்கலைக்கழகங்களின் கையில் இருக்கிறது. கேள்வி கேட்கும் பழக்கம் எம் கையில் இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகத்தில் போய்த் தொடங்கலாம் என்று விட்டால், இருநூறு பேருக்கு முன்னால் வாய் வராது. நாற்பது பேர் மட்டும் இருக்கும் எமது வகுப்பறையில், எமது தாய்மொழியில், எம்மை நன்கு அறிந்த ஆசிரியைகளிடம் இப்போதே கேட்டுப் பழகுவோம். விளங்கியவள் விளங்காதவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். குப்பி ஏற்றுவதற்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.