கிடாரை உடைத்தவர்களும் தப்பைக் கொளுத்தியவர்களும்

கீத் ரிச்சர்ட்ஸின் தன்வரலாறு ஒரு போலீஸ் சோதனையில் தொடங்கும். 1975 ஜூலை மாதம், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஃபோர்டைஸ் என்கிற சின்ன ஊர். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ராக் இசைக்குழுவின் கிடார் கலைஞரான அவர், கார் நிறையப் போதைப்பொருளை வைத்துக்கொண்டு வழியில் சாப்பிட இறங்கி மாட்டிக்கொள்கிறார். வெளியே ரசிகர் கூட்டம் கத்துகிறது. உள்ளே போலீசும் நீதிபதியும் கையைப் பிசைகிறார்கள். கடைசியில் 162 டாலர் ஐம்பது சென்ட் அபராதம் கட்டிவிட்டு மனிதர் விமானம் ஏறிப் போய்விடுகிறார்.

2010இல் ஜேம்ஸ் ஃபாக்ஸ் துணையோடு எழுதி அவர் வெளியிட்ட 'லைஃப்' என்ற அந்தப் புத்தகத்தை, திருச்சியில் சமூகவியல் படித்தபோது விடுதித் தோழி ஒருத்தியிடம் வாங்கிப் படித்தேன். சிரித்துச் சிரித்துப் படித்த அத்தியாயம் அது. இன்று நான் பார்க்கிற வேலையில், எங்கள் பையன் ஒருவனைச் சந்தேகத்தின் பேரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டால் விடியும்வரை வக்கீலுக்குப் போன் போட்டபடி வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் ஃபோர்டைஸ் ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு இந்த வகைப் புத்தகங்கள் நிறையப் படித்துவிட்டேன். பாப் டிலன், பாட்டி ஸ்மித், பீட் டவுன்செண்ட், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். தோழர்கள் சிலர், "உனக்கு எதுக்கு வெள்ளைக்காரன் கூத்தடிச்ச கதை?" என்று கேட்டிருக்கிறார்கள். பிடித்திருக்கிறது, படிக்கிறேன், அவ்வளவுதான். ஸ்பிரிங்ஸ்டீன் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் எந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் தொண்டை அடைக்கும்.

ஆனால் இந்தப் புத்தகங்களுக்கு ஒரு அச்சு இருக்கிறது. சலித்துப்போன ஊர், ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டு, முதல் கிடார், குழு, புகழ், போதை, விவாகரத்து, ஆஸ்பத்திரி, மறுபடியும் மேடை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விஷயம் கேள்வியே இல்லாமல் கிடக்கிறது: கிடாரை எடுத்தது அவர்கள் விருப்பம். கையில் எடுத்த அந்த நாளில்தான் விடுதலை ஆரம்பமாகிறது.

அதனால்தான் கிடாரை உடைப்பதுகூட அங்கே ஒரு கொண்டாட்டம். 1964இல் லண்டன் ஹாரோவில் 'ரயில்வே டேவர்ன்' என்ற மதுக்கூடத்தில் டவுன்செண்டின் கிடார் தாழ்ந்த கூரையில் இடித்து உடைந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்ததும், மிச்சத்தையும் அவரே அடித்து நொறுக்கினார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. 1967 ஜூனில் மான்டரே விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிடாருக்கு மேடையிலேயே தீ வைத்தார். அந்தத் தீயின் முன்னால் அவர் மண்டியிட்டிருக்கிற படத்தை நீங்களும் எங்காவது பனியனில் பார்த்திருப்பீர்கள்.

என் பெரியப்பாவும் வாத்தியத்தைக் கொளுத்தியவர்தான். அதைப் படம் எடுக்க ஒருவரும் இல்லை.

மணமேல்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். எங்கள் பக்கம் பறையைத் தப்பு என்றுதான் சொல்வோம். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் இழவு சொல்லப் போவதும், பாடை கிளம்பும்வரை தப்படிப்பதும் எங்கள் தெரு ஆண்களின் தலையில் இருந்தது. கூலி என்று பேசி வாங்க முடியாது. கொடுத்ததுதான் கூலி. சோறு மாட்டுக்கொட்டகைப் பக்கம் வரும். 1986இல் ஒரு சாவில், கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக எங்கள் ஆள் ஒருவரை அடித்துவிட்டார்கள். அடுத்த சாவுக்கு யாரும் போகவில்லை. நான்கு தப்பையும் ஊரணிக்கரையில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். "தோலு எரிஞ்ச நாத்தம் ரெண்டு நாளு கெடந்துச்சு தாயி" என்பார் பெரியப்பா. அப்புறம் வயல் வேலை கிடையாது, கடையில் கடன் கிடையாது, மாடு போகப் பாதை கிடையாது. அவர் கோட்டைப்பட்டினத்துக்குப் போய் மீன் பெட்டி தூக்கி எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். என் பட்டத்தில் அந்த ஐஸ் தண்ணீர் இருக்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை எல். இளையபெருமாள் நடத்தியிருக்கிறார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்தவர் அவர்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகளில் ஏதோ ஒரு வருடத்தில் இப்படி ஒரு தீ எரிந்திருக்கும். 'ஒரு தொல்கலை அழிந்துவிட்டதே' என்று புலம்பும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். யார் முதுகில் அந்தக் கலை உட்கார்ந்திருந்தது என்று எழுதிவிட்டுப் புலம்பட்டும்.

ஆக, இசைக்கலைஞரின் வாழ்க்கையை எழுதுவது என்று வந்தால் ராக் புத்தகங்களின் அச்சு நமக்குப் பொருந்தாது. நம் ஆட்களில் பலருக்கு வாத்தியம் பிறப்போடு கட்டிவிடப்பட்டது. வாசித்ததைப் போலவே வாசிக்க மறுத்ததும் அவர்களுடைய வாழ்க்கையின் பெரிய செயல்.

அமெரிக்காவிலேயே இந்த அச்சுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. ஃபோர்டைஸ் இருக்கும் அதே ஆர்கன்சா மாநிலத்தில், காட்டன் பிளான்ட் என்ற ஊரில் 1915இல் பிறந்தவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். கறுப்பினப் பெண். தேவாலயப் பாடல்களை மின்சாரக் கிடாரில் வாசித்தவர். எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி எல்லாரும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1951இல் வாஷிங்டனில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் போட்டு அவர் கல்யாணம் நடந்தது, ஆயிரமாயிரமாய்க் கூட்டம். அதே ஆள் தென் மாநிலங்களில் ஊர் ஊராகப் போகும்போது ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, விடுதியில் அறை கிடைக்காது. பேருந்துக்குள்ளேயே தூங்குவார். மாட்டுக்கொட்டகைச் சோறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1973இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. கேயில் வால்ட் என்ற பேராசிரியை, அவரை அறிந்தவர்களைத் தேடித் தேடிப் பேசி 2007இல்தான் அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தார். கல்லறைக்குக் கல் வந்தது அதற்குப் பிறகு. ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் பெயர் ஏறியது 2018இல். எல்விஸுக்கோ பீட்டர் குரால்னிக் எழுதிய வரலாறு மட்டுமே இரண்டு பெரிய தொகுதிகள்.

பழைய கதை என்று நினைத்தால் 2021ஐப் பாருங்கள். ராக் இசைக்காக அமெரிக்காவில் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, அந்த ஆகஸ்ட்டில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. பாட்டை எழுதிச் சேர்ந்து பாடிய அறிவு அட்டையில் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், இணையத்தில் பெரும் சத்தம் எழுந்தது, அப்புறம் அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டதால் வந்தது.

தமிழில் இந்த வகையில் நான் எல்லாருக்கும் கொடுக்கிற புத்தகம் கே.ஏ. குணசேகரனின் 'வடு'. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர். மேடை மேடையாக நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டுபோனவர், பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2016 ஜனவரியில் மறைந்தார். இவ்வளவு பெரிய பாடகர் தன்வரலாறு எழுதினால் மேடைகளும் கைதட்டலும்தானே நிறைந்திருக்கும்? 2005இல் வந்த 'வடு'வில் பெரும்பகுதி பள்ளிக்கூடம், பசி, உறவுக்காரர்கள், சாதி கேட்கிற வாய்கள். தன்னைச் சாதி கேட்காமல் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்ட முஸ்லிம் குடும்பங்களைப் பற்றியும் எழுதியிருப்பார். அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தப் பக்கங்கள் பழக்கமான தெருவில் நடப்பது போல இருந்தன. ராக் புத்தகங்களில் இளமைக்காலம் என்பது புகழுக்கு முந்தைய காத்திருப்பு அறை. குணசேகரனுக்கு அதுவேதான் வாழ்க்கை. தொண்டை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் போதும் என்று நினைத்திருப்பார் போல.

இளையராஜாவை விட்டுவிட்டுப் போனால் சண்டைக்கு வருவீர்கள். அவர் எந்த அடையாளத்தோடு தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அவர் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. என் குறை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல். 'ஞானி' என்ற சொல்லைப் போட்டதும் பண்ணைப்புரம் மறைந்துவிடுகிறது. அண்ணன் பாவலர் வரதராசனோடு தம்பிகள் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்த அந்த வருடங்கள் மட்டுமே ஒரு முழுப் புத்தகம் தாங்கும். எந்த ஊரில் பாடினார்கள், இரவு எங்கே படுத்தார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள்? ரிச்சர்ட்ஸின் புத்தகத்தில் இதெல்லாம் நாள் கிழமையோடு இருக்கிறது.

இப்போது என் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கிறது. பெரியப்பாவின் பேரன் அறந்தாங்கியில் கல்லூரி படிக்கிறான். ஒரு பறைக்குழுவில் பயிற்சி எடுத்திருக்கிறான். ஏப்ரல் 14 அன்று கறுப்புச் சட்டையும் கழுத்தில் பறையுமாக அவன் ஆடியதைப் பார்த்து எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அந்தப் படத்தைத்தான் ஒரு மாதம் கைபேசி முகப்பில் வைத்திருந்தான். அவனுக்கு ஒரே ஆசை: தாத்தாவுக்குத் தெரிந்த பழைய அடிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒத்தையடியும் மாரடிப்பு அடியும் எங்கள் ஊர்க்காரர்கள் அடித்த விதமே தனி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெரியப்பா வாயைத் திறப்பதில்லை. ஊரணிக்கரைத் தீயைப் பற்றிக் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார். அடியைப் பற்றிக் கேட்டால் வெற்றிலை எடுக்கப் போய்விடுவார்.

"அவன் இப்ப மேடையில மரியாதையாத்தானே அடிக்கிறான், பெரியப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவனுக்கு அது மேடை, ஆத்தா. எனக்கு அது பொணம். நிறுத்துனத எழுதிக்க. அடிச்சத எழுதாத" என்றார்.

பையனிடம் சொன்னேன். "அத்த, அவரு போயிட்டா அதுவும் போயிடுமே" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவர் சொல்வதை மீறி நான் எழுதப் போவதில்லை. போன மாதம் பேச்சு வாக்கில் பெரியப்பாவின் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. பையன் கைபேசியை எடுக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம்.

நிறுத்திய கதையை இதுவரை ஆறு மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். அவரோடு அன்று ஊரணிக்கரையில் நின்றவர்களில் இன்னும் ஒருவர்தான் மிச்சம். ஆவுடையார்கோவில், மீமிசல், அறந்தாங்கி சுற்றுவட்டாரத்தில் உங்கள் வீட்டிலும் தப்பைக் கீழே வைத்த தாத்தாவோ, இழவு சொல்லப் போக மறுத்த பெரியப்பாவோ இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் வந்துவிடுவேன். என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதை மட்டும் முதலில் அவர்களிடமே கேட்டு வையுங்கள்.