நடுவில் ஓடும் தையல்

ஜெய்சால்மரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, குரி மணல்மேட்டில் கூடாரம் அடித்தோம். டிசம்பர் மாதம். இருட்டியதும் குளிர் நடுக்கியது. முகாமில் வேலை பார்க்கும் தம்பி ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தான். நீளவாக்கில், சரியாக நடுவில், ஒரு தையல். "கிழிந்ததைத் தைத்திருக்கிறார்கள்" என்றாள் தோழி.

"கிழியவில்லை, தீதி. இது பட்டு. எங்கள் ஊர் பாபா நெய்தது" என்றான். அவன் முகம் வாடிவிட்டது.

பட்டு என்றால் நமக்குக் காஞ்சிபுரம். தார் பாலைவனத்தில் அது செம்மறியாட்டு ரோமத்தில் நெய்த போர்வை. மறுநாள் விடிகாலை அவனோடு அந்த ஊருக்கு நடந்தோம். இரண்டு மணி நேர மணல்பாதை. எருக்கும் வன்னியும்தான் துணை. வன்னியை இங்கே கேஜ்ரி என்கிறார்கள். முந்தின இரவு சாப்பிட்ட சாங்ரி அதன் காய்தான். கானமயில் தென்படுமா என்று வழியெல்லாம் தேடினேன். இல்லை.

பாபா மேக்வால் சமூகத்தவர், எழுபதை நெருங்குகிறவர். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பாவு இழைகளை விரலால் எண்ணித் தூக்குகிறார், சிவப்பு நூலைச் செருகுகிறார், ஊடையை ஓட்டுகிறார், அடிக்கிறார். பார்த்தால் ஊசிவேலை போலத் தெரியும், அத்தனையும் தறியிலேயே விழுகிற பூ. எதிரே வரைபடம் எதுவும் இல்லை.

நாடா கைக்குக் கை மாறுவதால் துணியின் அகலம் கைக்கு எட்டும் அளவுதான். அதனால் இரண்டு கீற்றாக நெய்து நடுவில் இணைக்கிறார்கள். சிரமமே அங்கேதான். முதல் கீற்றில் பூ விழுந்த இடத்திலேயே இரண்டாவதிலும் விழ வேண்டும். ஒருநாள் கை கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டால் பூ கீழே இறங்கிவிடும். அதற்கு அவரிடம் ஒரு குச்சி இருக்கிறது. முழ நீளம், கை பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது, வரிசையாகக் கீறல்கள். நாலு விரற்கடை நெய்ததும் குச்சியை வைத்துப் பார்க்கிறார். "இது என் அப்பாவுடையது, பேட்டா."

அப்பா காலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் ரோமம் கொண்டுவந்து தருவார்கள். நெய்து கொடுத்தால் கம்பு அளப்பார்கள். இப்போது நூலும் வியாபாரியுடையது, டிசைனும் அவருடையது. பாபாவுக்குக் கூலி மட்டும். அதிலும் தையல் கோணல் என்று சொல்லிப் பிடித்துக்கொள்கிறாராம். பாபா காட்டிய போர்வையில் தையலைக் கண்ணால் தேட முடியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

ஜெய்சால்மர் திரும்பியதும் கோட்டை வாசலில் இருக்கும் மாணக் சௌக் கடைகளில் ஏறி இறங்கினேன். பாபா போட்டதைப் போன்ற பூவேலைப் பட்டுக்கு ஒரு கடையில் சொன்ன விலை, அவர் கூலியைப் போல ஆறு மடங்கு. நூல் விலை, கடை வாடகை எல்லாம் கழித்தாலும் இது அநியாயம். குழியில் காலை விட்டு வாரக்கணக்கில் இழை எண்ணியவருக்கு மிச்சம் மூட்டுவலி. மடித்துப் பிரித்துக் காட்டுகிறவருக்கு மற்றதெல்லாம். நெய்தவர் பெயரைக் கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. அடுத்து ஒரு மில் போர்வையைப் பிரித்துப் போட்டு, "இதைப் பாருங்கள், நடுவில் தையலே கிடையாது" என்றார் பெருமையாக.

நான் பாபாவிடமே ஒன்று வாங்கியிருந்தேன், அவர் தன் வீட்டுக்கென்று நெய்து வைத்திருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டவர், போர்வையைத் திரும்ப வாங்கி மடியில் விரித்து, தையலில் லேசாகத் தூக்கியிருந்த ஒரு இழையை ஊசி முனையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் கொடுத்தார்.