காசில்லாமல் பார்த்த ஊர்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில், லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மாமா எங்களை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிச் சென்றார்.

"சூதாடுற ஊரில நமக்கென்ன வேலை?" என்றார் உம்மா.

"காசு குடுக்காமலே பார்க்க நிறைய இருக்கு, ராத்தா."

மாமா சொன்னது பொய்யில்லை. பெலாஜியோ ஹோட்டலின் முன்னாலுள்ள ஏரியில், 1998 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த்தாரைகள் இசைக்கேற்ப ஆடுகின்றன. பாலைவனத்தின் நடுவே இவ்வளவு தண்ணீர்! சில தாரைகள் நாங்கள் அண்ணாந்து பார்க்குமளவு உயர்ந்தன. உம்மாவே "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டார்.

உள்ளே இருந்த பூந்தோட்டமும் இலவசம்தான். ஆனால் நாங்கள் போன வழி சூதாட்டக் கூடத்தினூடாகச் சென்றது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே நிற்கக்கூடாது, நடந்து கடக்கலாம். உம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஓர் இயந்திரத்தின் முன்னால், எங்கள் உம்மும்மாவின் வயதிருக்கும் ஒரு பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

பூக்கள் அழகாகத்தான் இருந்தன. விதம்விதமாகப் படம் எடுத்தேன். பிறகுதான் கேட்டேன்:

"இதுக்கெல்லாம் யார்ட காசு மாமா?"

மாமா பதில் சொல்லவில்லை. என் கைப்பேசியை வாங்கி, உம்மாவையும் என்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்.

திரும்பி வரும்போதும் அந்தப் பெண் அங்கேயே இருந்தார்.