விடையைச் சொல்லிவிடாதீர்கள்!



முதலில் ஒரு புதிர். முழுதாய் இருந்தால் தீபாவளிக்கு வீடெல்லாம் மணக்கும். முன்னிரண்டு எழுத்தை நீக்கினால் நாக்கைச் சுடும். நீக்கிய இரண்டையும் தனியே வைத்தால் ஒன்றுக்கு மேற்பட்டது. அது என்ன? கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள். விடை பின்னால் வரும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐவரும் இன்று ஜொகூர் மாநிலத்தின் ஐந்து மூலைகளில் இருக்கிறோம். நான் கூலாயில். மற்றவர்கள் குளுவாங், சிகாமட், பத்து பகாட், மூவார். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, புலனத்தில் ஒரு குழுவைத் தொடங்கினோம். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒருவர் ஒரு சொற்புதிர் தர வேண்டும். விடை காண இயலாதவர் அன்றிரவு ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதித் தண்டம் கட்ட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். பள்ளிகள் திறந்த பின்னும் இந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

இஃது ஏதோ புதுமை என்று எண்ணிவிட வேண்டா. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம், சித்திரகவி என்னும் பெயரில் இத்தகைய சொல்விளையாட்டுகளுக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். பல வினாக்களுக்குரிய விடைகளைச் சேர்த்தால் புதியதொரு சொல் பிறப்பது வினாவுத்தரம். மேலே நான் தந்த புதிரும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிய சிலேடையை அறியாத தமிழாசிரியர் உண்டா?

எங்கள் குழுவில் சிலேடைக்கு அரசர் மூவார் நண்பர். மற்றவர்கள் பசியாறி முடிப்பதற்குள் அவரிடமிருந்து விடை வந்துவிடும். ஒருநாள் தோற்றுப்போன நான், தண்டத்திற்கு ஒரு குறள் வெண்பா எழுதினேன்.

மூவாரில் வாழ்வோரோ மூவார் முகம்பாரும்
சாவா மருந்துண்டார் தாம்.

முதலில் வரும் மூவார் ஊர்ப்பெயர். அடுத்து வரும் மூவார், ‘மூப்படைய மாட்டார்’ என்னும் பொருளது. நண்பர் உடனே மறுமொழி அனுப்பினார்: “மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. எங்கள் ஊர் ஓத்தாக்-ஓத்தாக்தான் காரணம். மலாயில் ஓத்தாக் என்றால் மூளை. மூளையை இப்படி நாள்தோறும் தின்றால் விடை வராமல் எங்கே போகும்?” நீப்பா ஓலைக்குள் வைத்துச் சுடும் அந்த மீன் பலகாரத்திற்கு மூவார் பெயர் பெற்ற ஊர். அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடடா, விடையைப் பாதி உளறிவிட்டேன். பரவாயில்லை.

2023ஆம் ஆண்டில் ஒருநாள் மூவாரிலிருந்து விடை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி அழைத்தார். பக்கவாதம். மூளையின் இடப்பக்கத்தில் குருதி ஓட்டம் தடைப்பட்டிருந்தது. பெரும்பாலோர்க்கு மொழி குடியிருக்கும் பக்கம் அதுதான். உயிர் பிழைத்துக்கொண்டார், வலக்கையும் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால், சொற்கள் திரும்பவில்லை. குவளையைப் பார்த்தால் அது குவளை என்று தெரியும். அதில் தேநீர் குடிப்பார். ‘குவளை’ என்ற சொல் மட்டும் வாய்க்கு வராது.

நான் எழுதிய குறள் பல நாள் என் நெஞ்சை உறுத்தியது. சொல்லிழந்த மனிதர் கண்ணில் சொற்புதிர் படுவது கொடுமையல்லவா என்று எண்ணி, எவரும் எவரையும் கேளாமலே நாங்கள் புதிரை நிறுத்திவிட்டோம். குழு மூன்று வாரம் அமைதியாகக் கிடந்தது. அதன்பின் அவர் மனைவி மீண்டும் அழைத்தார்.

“ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க? காலையில ஆறு மணிக்கே எழுந்து போனைத் திறந்து பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.”

எனக்குப் பேச்சு எழவில்லை. மறுநாளே தொடங்கினோம். தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தன. மேலே நீங்கள் படித்த புதிரைத்தான் நான் அனுப்பினேன். மற்ற மூவரும் விடை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஆறு இருபது ஆயிற்று. பள்ளிக்குப் புறப்படும் அவசரம் எனக்கு. அவர் துன்பப்படுவாரே என்ற இரக்கமும் இருந்தது. விடையைத் தட்டி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்தால், அவர் மனைவியின் குரல்செய்தி. “அவருக்கு ‘ப’ வந்திருச்சு டீச்சர். தாள்ல எழுதிட்டாரு. ரெண்டாவது எழுத்தை யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப நீங்க சொல்லிட்டீங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் கையாளும் முறையைப் பின்னர் அவர் மனைவி வழி அறிந்தேன். படத்தைக் காட்டிச் சொல்லைக் கேட்பார். வரவில்லையென்றால் முதல் ஒலியை மட்டும் தருவார். பிறகு காத்திருப்பார். முழுச் சொல்லையும் சொல்லிக் கொடுப்பது கடைசி வழி. அந்தப் பயிற்சி மலாய் மொழியில் நடந்தது. தமிழ்ச் சொற்களுக்கு நாங்கள்தாம் துணை.

அன்றுமுதல் சட்டத்தை மாற்றினோம். இரவு எட்டு மணி வரை எவரும் விடை சொல்லக்கூடாது. நண்பகலில் முதல் எழுத்தை மட்டும் தரலாம். கண்டுபிடித்தவர் ஒரு பச்சைக் கட்டத்தை அனுப்பினால் போதும். கட்டம் அனுப்பும் வழக்கம் ‘வேர்டல்’ என்னும் ஆங்கிலச் சொல்லாட்டத்திலிருந்து கடன் வாங்கியது. ஜோஷ் வார்டல் என்பவர் தம் துணைவிக்காக உருவாக்கி, 2021இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட விளையாட்டு அது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு, நாளுக்கு ஒரே புதிர். எத்தனையாவது முயற்சியில் வென்றோம் என்பதை வண்ணக் கட்டங்களாக நண்பருக்குக் காட்டலாம். ஆயினும் அவருடைய விடை கெடாது. இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சிகாமட் நண்பரின் புதிருக்கு மூவாரிலிருந்து முதல் பச்சைக் கட்டம் வந்தது. நேரம் மாலை 4.10. காலை ஆறு மணிக்குத் தொடங்கியவர்!

ஆசிரியர்களே, இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? அன்று மாலை என் நான்காம் ஆண்டு வகுப்பை நினைத்துப் பார்த்தேன். முதலில் கை தூக்குபவருக்கு நட்சத்திரம் ஒட்டுவது என் நெடுநாள் வழக்கம். அதே நான்கைந்து பிள்ளைகளே நட்சத்திரம் வாங்குவார்கள். பின்வரிசையில் ஒரு மாணவன் ஆண்டு முழுவதும் ஒன்றுகூட வாங்கியதில்லை. அவனுக்கும் ஒருவேளை முதல் எழுத்து வந்திருக்குமோ? இரண்டாம் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் அடுத்த பிள்ளையைக் கேட்டுவிட்டேனோ?

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வினா கேட்ட ஆசிரியர்கள் பொதுவாக 1 விநாடி அளவே காத்திருந்தனர். அதை 3 விநாடிக்கு நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகள் குறைந்தனர். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் படித்ததுதான். தேர்வுக்குப் படித்ததோடு சரி.

இப்போது என் வகுப்பில் கை தூக்குவது இல்லை. கரும்பலகையில் ஒரு புதிர். அனைவரும் தத்தம் தாளில் எழுத இரண்டு நிமிடம். பிறகு முதல் எழுத்து. மீண்டும் ஒரு நிமிடம். அந்தப் பின்வரிசை மாணவன் மூன்றாம் வாரத்தில் ஒரு விடுகதையோடு வந்தான். பாட்டி சொல்லிக் கொடுத்தாராம். வகுப்பில் எவருக்கும் விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதல் எழுத்தைக் கேட்டேன். “இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகல டீச்சர்” என்றான்!

பெற்றோர்களே, பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தடுமாறும்போது மலாய்ச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அன்பினால்தான் கொடுக்கிறோம். ஆனால், அந்தச் சொல்லைத் தேடிப் போன பிள்ளை பாதி வழியில் திரும்பிவிடுகிறது.

மூவார் நண்பர் இன்னும் முழுதாகத் தேறவில்லை. நீண்ட வாக்கியங்கள் அவருக்கு மலையேற்றம்தான். ஆயினும் சென்ற மாதம் தம் முறை வந்தபோது, விட்டுத்தர மறுத்து, தாமே ஒரு புதிரை அமைத்து அனுப்பினார். அதை உங்களுக்கும் தருகிறேன்.

“மூன்று எழுத்து. முதல் இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டளை. கடைசி எழுத்து பேனாவுக்குள் உண்டு. மூன்றும் சேர்ந்தால், நீங்கள் எனக்குத் தந்தது.”

விடையை நான் சொல்லப்போவதில்லை. முதல் எழுத்து ‘பொ’.