முருங்கைக் கொம்பும் குளிர் வலயமும்

வவுனியாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த முருங்கைக் கொம்பை அம்மா எங்கள் லயத்தின் முன்னால் நாட்டியபோது எனக்குப் பத்து வயதிருக்கும். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் லிந்துலையை விட்டு வன்னிக்குச் சென்றவர் சித்தப்பா. அங்கே முற்றத்து முருங்கை கொத்துக் கொத்தாய்க் காய்ப்பதாகச் சொன்னார்.

கொம்பு தளிர்த்தது. ஆடி மாதத்துக் காற்றிலும் மழையிலும் இலையுதிர்த்தது, மீண்டும் தளிர்த்தது. ஐந்தாண்டுகள் நின்றும் ஒரு காய்தானும் காய்க்கவில்லை. “சாகவும் இல்லை, வாழவும் இல்லை” என்பார் அம்மா.

குளிர் தாங்கும் வலயங்கள் என்னும் பகுப்பைப் பற்றிப் பிற்காலத்தில் படிக்க நேர்ந்தபோது அம்மரமே என் நினைவுக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1960இல் முதன்முதலாக வெளியிட்ட இப்படம் 2023இலும் திருத்தப்பட்டது. ஆண்டுதோறும் நிகழும் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பல்லாண்டுகளுக்குச் சராசரிப்படுத்தி, ஏறத்தாழ 5.6 பாகை செல்சியஸ் இடைவெளியில் 13 வலயங்களை அது வகுக்கிறது. முருங்கை பத்தாம் வலயத்திலேயே நிலைக்கும் என்பர். அவ்வலயத்தின் கீழெல்லை உறைநிலைக்கும் ஒரு பாகை கீழானது. 4,000 அடிக்கு மேலுள்ள லிந்துலையிலும் அத்துணைக் குளிர் அரிது. ஆகவே, கணக்கின்படி அம்மாவின் மரத்துக்குக் குறையேதும் இல்லை.

குறை அக்கணக்கின் வினாவிலேயே உள்ளது. எக்குளிரில் செடி சாகாது என்று மட்டுமே அது வினவுகிறது. எவ்வெம்மையில் பூக்கும், எத்துணை ஈரத்தை வேர் பொறுக்கும் என்று வினவுவதில்லை. கடும் உறைபனி பெய்யும் நாடுகளில் முதல் வினா அதுவாகலாம். நமக்கோ ஆண்டு முழுதும் மிதமான குளிர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வெயிலை மறைக்கும் மூடுபனி. இங்கே முருங்கைக்கு வெம்மை போதாது. அப்பிளுக்கோ குளிர் போதாது.

உயரம், மழைவீழ்ச்சி, மண் ஆகியவற்றை ஒருங்கே நோக்கி இலங்கையை 46 விவசாயச் சூழல் பிரதேசங்களாகப் பிரிக்கும் படமே நமது தோட்டத்துக்கு ஏற்ற வழிகாட்டி. அதன்படி, 900 மீற்றருக்கு மேற்பட்ட மலைநாட்டு ஈரவலயம் நம்முடையது. கோவாவும் லீக்ஸும் கரட்டும் இங்கு செழிப்பதன் காரணம் அதிலே விளங்கும்.

அம்மா படம் எதனையும் பார்த்தவரல்லர். முருங்கையை வெட்டிவிட்டு அவ்விடத்தில் மரத்தக்காளி நாட்டினார். இரண்டாம் ஆண்டிலேயே அது காய்த்தது.

தென்னிந்தியச் சமவெளியிலிருந்து இம்மலைக்கு வந்த நம் முன்னோருள் குளிருக்கும் நோய்க்கும் பலியானோர் பலர். எஞ்சியவர்களைத் ‘தாக்குப்பிடித்தவர்கள்’ எனப் புகழ்வோர் உளர். அப்புகழைக் கேட்கும்போதெல்லாம் அந்த முருங்கையை நினைத்துக்கொள்கிறேன். சாகாதிருத்தலை வாழ்வென்று கொள்ளும் கணக்கு ஒரு செடிக்கே போதவில்லை. மரத்தக்காளி காய்த்த அந்த முற்றத்துக்கு இன்றும் எங்களிடம் உறுதி இல்லை.